ழன், ஜான் பேகம், அருளம்மாள்: ஒரு பிரெஞ்சுப் பெண்பெயரின் தோற்றமும் தமிழ் வழக்காறும்

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு மொழியில் இடைக்காலம் முதல் மிகுதியாக வழங்கிவரும் பெண்பெயர்களுள் ஒன்று 'ழன்'. ஆங்கிலத்தின் ஜேன், ஜோன், ஜீன் ஆகியவை இதனோடு ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. எபிரேய மொழியில் 'இறைவன் அருள்புரிந்தான்' எனப் பொருள்படும் பெயரே இவற்றின் அடி. இப்பெயர் 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளெக்சின் மனைவியின் பெயராக அரசியல் வரலாற்றில் இடம்பெற்றது. ஆயினும் அதற்கு முன்னரே இதன் பொருள் 'அருள்' என்னும் சொல்வழியாகத் தமிழ்ப் பெயராக்கத்தில் புகுந்திருந்தது. ஒலிவழி வந்த பெயர் தமிழில் தன் பாலையும் பொருளையும் இழந்தது என்பதையும், பொருள்வழி வந்த பெயர் அவ்விரண்டையும் காத்துத் தன் அயன்மூலத்தை மறைத்துக்கொண்டது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. இவ்விரு வழிகளையும் இணைத்துக் காணாவிடின் பிரெஞ்சு ஆவணங்களில் உள்ள தமிழ்ப் பெண்களை அடையாளங்காண்பதில் பிழை நேரும் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்

பெயராய்வு, புதுச்சேரி வரலாறு, துய்ப்ளெக்ஸ், ஆனந்தரங்கர் நாட்குறிப்பு, கிறித்தவத் தமிழ், அருளப்பர், ஒலிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு

முன்னுரை

சென்னையின் தென்புறத்தில் பல்லாவரம் – துரைப்பாக்கம் ஆரச்சாலையில் அமைந்துள்ள கோவிலம்பாக்கம், புனித தோமையார் மலை ஊராட்சி ஒன்றியத்தைச் சார்ந்த ஊராகும். கோவில், பாக்கம் என்னும் இரு சொற்களும் தமிழர்க்குப் பழகியவை. ஆதலின் ஊர்ப்பெயரைக் கேட்ட அளவில் பொருள் விளங்கும். ஒன்றியத்துக்குப் பெயர் தந்த மலையின் மற்றொரு பெயராகிய 'பறங்கிமலை' அத்தகையதன்று. 'பறங்கி' என்பது ஐரோப்பாவின் பிராங்கு இனத்தார் பெயர் அரபு, பாரசீக மொழிகளின் வழியாகத் தமிழை அடைந்த வடிவம். பிரான்சு என்னும் நாட்டுப் பெயரும் அவ்வினப் பெயரிலிருந்தே தோன்றியது. எனினும் பறங்கிமலை என்பாருள் எவரும் பிரான்சை நினைப்பதில்லை. தமிழகத்தில் அச்சொல் முதலில் போர்த்துக்கேயரைச் சுட்டிப் பின்னர் பொதுவாக ஐரோப்பியரைக் குறித்தது.

ஒலிவழியாக வரும் அயற்பெயர் நெடுந்தொலைவு பயணம் செய்யும். ஆயின் தன் பொருளை வழியிலேயே விட்டுவிடும் என்பதற்குப் பறங்கிமலை சான்றாகும். அயற்பெயரின் பொருளைக் கொண்டு ஒலியை விட்டுவிடும் முறையும் தமிழில் உண்டு. ஒரே பெயர் இவ்விரு முறைகளாலும் தமிழுக்கு வந்தால் என்ன நிகழும் என்பதை ஆராய ஏற்ற பெயர் 'ழன்'.

கட்டுரையின் எழுத்து மரபு பற்றி ஒரு விளக்கம் இங்குத் தேவை. இப்பெண்பெயரையும் இதன் ஆண்பாற் பெயரையும் தமிழ் நூல்கள் பெரும்பாலும் 'ழான்' என ஒரே வகையில் எழுதுகின்றன. வேறுபாடு தெரிதற்பொருட்டு இங்கே பெண்பெயர் 'ழன்' எனவும் ஆண்பெயர் 'ழான்' எனவும் எழுதப்படுகின்றன. இவ்வேறுபாடு ஏன் இன்றியமையாதது என்பது பின்னர் விளக்கப்படும்.

பெயரின் தோற்றமும் பொருளும்

எபிரேயத்தில் 'யோஹானான்' என்னும் ஆண்பெயர் இரு கூறுகளால் ஆயது. முற்கூறு இறைவன் பெயராகிய 'யாவே' என்பதன் குறுக்கம். பிற்கூறு 'அருள்புரிதல், இரங்குதல்' என்னும் பொருளுடைய வினையடி. எனவே 'யாவே அருள்புரிந்தான்' என்பது முழுப்பொருள். இதன் பெண்பால் வடிவம் கிரேக்கத்தில் 'யோவன்னா' என வழங்கியது. லூக்கா நற்செய்தியில் இயேசுவுக்குத் தம் உடைமையால் உதவிய பெண்களுள் ஒருவராகவும், வெறுமையான கல்லறையைக் கண்டவர்களுள் ஒருவராகவும் குறிக்கப்பெறும் பெண்ணின் பெயர் இதுவே.

கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கு வந்த இப்பெயர் 'யோஹன்னா' என நின்று, பழம்பிரெஞ்சில் 'ஜெஹன்ன' என்றாயிற்று. இலத்தீனில் 'ய' என ஒலித்த முதலெழுத்து பழம்பிரெஞ்சில் 'ஜ' ஒலியாகவும், ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டளவில் இன்றைய உரசொலியாகவும் திரிந்தது. இடையில் நின்ற ஹகரம் மறைந்து இரு அசைகள் ஓரசையாயின. பிரான்சின் விடுதலை வீராங்கனையாகப் போற்றப்பெறும் ஆர்க்கின் ழன் 1431இல் எரிக்கப்பட்டார். அவர் கையொப்பமிட்ட கடிதங்களில் ஹகரத்துடன் கூடிய பழைய எழுத்து வடிவமே காணப்படுகிறது.

ஆங்கிலம் இப்பெயரைப் பழம்பிரெஞ்சிலிருந்து பெற்றது. அதனால் ஜேன், ஜோன் ஆகிய ஆங்கில வடிவங்களில் பழைய ஜகர ஒலி நிலைத்தது. பிரெஞ்சில் அது மாறிவிட்டது. தமிழகத்தில் ஆங்கிலவழி வந்த 'ஜேன்' என்பதும் பிரெஞ்சுவழி வந்த 'ழன்' என்பதும் வெவ்வேறு பெயர்களல்ல. ஒரே பெயரின் இரு காலநிலைகள் என்பது இதனால் தெளியப்படும். போர்த்துக்கேயத்தின் 'ஜோவானா', இசுப்பானியத்தின் 'ஹுவானா', இத்தாலியத்தின் 'ஜொவான்னா', செருமானியத்தின் 'யோஹன்னா' ஆகியவும் இக்குடும்பத்தவையே.

இதே எபிரேய வினையடியிலிருந்து தோன்றிய மற்றொரு பெண்பெயர் 'ஹன்னா'. இறைப்பெயர்க் கூறு இன்றி 'அருள்' என்னும் பொருளை மட்டும் தருவது இது. கிரேக்கத்திலும் இலத்தீனிலும் 'அன்னா' எனவும் பிரெஞ்சில் 'ஆன்' எனவும் வழங்குகிறது. இயேசுவின் தாய் மரியாளைப் பெற்றவராகக் கிறித்தவ மரபு கூறும் பெண்ணின் பெயர் இது. ழன், ஆன் என்னும் இரு பிரெஞ்சுப் பெயர்களும் உடன்பிறப்புகள் என்னும் உண்மை, இவை தமிழில் அடைந்த வேறுபட்ட நிலைகளை ஒப்பிட உதவும்.

ஒலிவழி: பால் மயங்கிய பெயர்

தமிழ் எழுத்திலக்கணம் மொழிமுதல் எழுத்துகளை வரையறுத்துள்ளது. தொல்காப்பியத்தின்படி யகரம் ஆகாரத்தோடு மட்டுமே மொழிக்கு முதலாகும். நன்னூல் அவ்வரையறையைத் தளர்த்தி, யகரம் அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ என்னும் ஆறு உயிர்களோடு முதலாகும் என்றது. எனவே 'யோவான்', 'யோவன்னாள்' என்னும் விவிலியப் பெயர்வடிவங்கள் தொல்காப்பிய வரையறைக்கு அப்பாற்பட்டவை. நன்னூல் வரையறைக்கு உட்பட்டவை. ழகரமோ இவ்விரு நூல்களின்படியும் மொழிக்கு முதலாகாது. இருப்பினும் பிரெஞ்சின் உரசொலியைக் குறிக்க இக்காலத் தமிழ் எழுத்தாளர் ழகரத்தையே முதலில் எழுதுகின்றனர். இஃது ஒலியொற்றுமையால் அமைந்ததன்று. வேறு எழுத்து இன்மையால் அமைந்த உடன்பாடு.

முதலெழுத்தினும் ஈற்றெழுத்தே பெரிய சிக்கலைத் தோற்றுவிக்கிறது. பிரெஞ்சில் ழான் என்னும் ஆண்பெயரின் இறுதியில் னகர மெய் ஒலிப்பதில்லை. உயிரொலியே மூக்கொலியாக முடிகிறது. ழன் என்னும் பெண்பெயரிலோ னகர மெய் தெளிவாக ஒலிக்கிறது. பிரெஞ்சுக்காரர் செவிக்கு ஈற்று மெய்யின் ஒலிப்பே பெண்பாலை உணர்த்துகிறது. தமிழில் மூக்குயிர், வாயுயிர் என்னும் வேறுபாடு பொருள் வேறுபடுத்துவதில்லை. ஆதலின் பிரெஞ்சு மூக்குயிரைத் தமிழர் னகர மெய்யாகவே கொள்கின்றனர். விளைவாக ஆண்பெயரும் பெண்பெயரும் ஒரே வடிவம் பெறுகின்றன.

மயக்கம் இத்துடன் நிற்கவில்லை. தமிழில் னகர ஈறு ஆண்பாலுக்கும் ளகர ஈறு பெண்பாலுக்கும் உரியவை. பிரெஞ்சில் எந்த ஒலி பெண்பாலைக் காட்டுகிறதோ அதே ஒலி தமிழில் ஆண்பால் ஈறாகத் தோன்றுகிறது. ஆகவே இப்பெயரை ஒலியளவில் தமிழில் எழுதுவோர் 'அம்மையார்', 'அம்மாள்', 'சீமாட்டி' என ஒரு சொல்லைச் சேர்த்தாலன்றிப் பெண்பால் விளங்காது. 'யோவன்னாள்' என விவிலிய மொழிபெயர்ப்பாளர் ளகர ஈறு சேர்த்ததும் இத்தேவையினாலேயே ஆகும்.

புதுச்சேரியின் ழன்: பெயரும் பட்டமும்

இம்மயக்கத்திற்கு வரலாற்றுச் சான்றாக அமைபவர் ழன் ஆல்பெர். இவர் 1706இல் புதுச்சேரியில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கும்பினியின் அறுவை மருத்துவர். தாய் ரோசா தெ காஸ்த்ரோ இந்தோ–போர்த்துக்கேயக் குடும்பத்தினர். கும்பினியின் ஆலோசனை மன்ற உறுப்பினர் வென்சென்சுக்கு 1719இல் மணமுடிக்கப்பட்டபோது ழனுக்கு வயது 13. கணவர் 1739இல் இறந்த பின்னர், 1741இல் சந்திரநாகூரில் ழோசெப் துய்ப்ளெக்சை மணந்தார். துய்ப்ளெக்ஸ் 1742இல் புதுச்சேரியில் ஆளுநர் பொறுப்பை ஏற்றார்; 1754இல் பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். ழன் 1756 டிசம்பரில் பாரிசில் காலமானார்.

பிறந்த ஊரின் மொழியாகிய தமிழை இவர் அறிந்திருந்தார். உள்நாட்டு ஆட்சியாளர் குடும்பங்களோடும் அலுவலரோடும் தொடர்பு கொள்வதில் கணவர்க்குத் துணைநின்றார். இப்பின்னணியில் இவரைக் குறித்து வழங்கிய பெயரே 'ஜான் பேகம்'. வரலாற்று நூல்கள் சிலவற்றில் இது 'ஜோவன்னா பேகம்', 'யோஹன்னா பேகம்' எனவும் காணப்படுகிறது. 1934இல் புதுச்சேரியில் இவான் ரொபேர் கெபெலே அம்மையார் பிரெஞ்சில் வெளியிட்ட வாழ்க்கை வரலாறும் யோஹன்னா பேகம் என்னும் வடிவத்தையே தலைப்பில் கொண்டுள்ளது.

இவ்விரு வடிவங்களின் வேறுபாடு கருதத்தக்கது. ஓகாரமும் ஈற்று ஆகாரமும் கொண்ட 'ஜோவன்னா' பிரெஞ்சு ஒலிப்பான 'ழன்' என்பதிலிருந்து பிறந்திருக்க இயலாது. போர்த்துக்கேய 'ஜோவானா' அல்லது இலத்தீன் வடிவமே அதற்கு நெருக்கமானது. 18ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரைத் துறைமுகங்களில் ஐரோப்பியருக்கும் இந்தியருக்கும் இடையே போர்த்துக்கேயம் பொதுமொழியாக வழங்கியது. ழனின் தாய்வழிக் குடும்பமும் போர்த்துக்கேயத் தொடர்புடையது. எனவே இந்தியர் நாவில் இப்பெயர் பிரெஞ்சுப் பெயராக அன்றிப் போர்த்துக்கேயச் சாயலுடன் வழங்கியிருக்கலாம் எனக் கருத இடமுண்டு. 'ஜான்' என்னும் மற்றொரு வடிவமோ பாரசீகத்தில் 'உயிர்' எனப் பொருள்படும் சொல்லோடு ஒத்தது. பாரசீகத்தை அரசவை மொழியாகக் கொண்டோர்க்கு அது 'உயிரனைய சீமாட்டி' எனத் தோன்றுதல் இயல்பு. எபிரேயத்தில் 'அருள்' எனப் பொருள்பட்ட பெயர், ஒலி ஒப்புமை ஒன்றினால் வேறொரு மொழியில் வேறொரு பொருளைப் பெற நேர்ந்தது. இன்றைய தமிழ் வாசகர்க்கு 'ஜான்' ஆண்பெயர். 'பேகம்' என்னும் பட்டமே பெண் என்பதைத் தெரிவிக்கிறது.

ஆனந்தரங்கர் நாட்குறிப்பு இவ்வாய்வுக்கு இன்றியமையாத சான்று. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து புதுச்சேரியில் குடியேறிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை இதனை எழுதினார். துய்ப்ளெக்சின் தலைமைத் துபாசியாகவும் பணியாற்றினார். நாட்குறிப்பில் ழன் பலமுறை வருகிறார். ஆயின் பெரும்பாலும் அவர் 'மதாம்', அதாவது ஆளுநரின் மனைவி, இடுபெயர் முன்னிற்பதில்லை. பிள்ளைக்கும் அவர்க்கும் இடையே நல்லுறவு இருக்கவில்லை. 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதற்கும் அவருடைய தூண்டுதலை நாட்குறிப்பு குறை கூறுகிறது. நாட்குறிப்பை எழுதியவரின் பகைமையையும் இடிப்பின் உண்மையையும் ஆய்வாளர் ஒருங்கே மனங்கொள்ள வேண்டும்.

இங்கே நம் கருத்துக்குரியது பெயர் மறைந்தமையே. நண்பர்க்கு அவர் பேகம், பகைவர்க்கு மதாம், இரு வழக்குகளிலும் பட்டமே முன்னிற்கிறது. பேகம் என்பது உருதுவும் பாரசீகமும் தந்த சொல். மதாம் என்பது 'என் தலைவி' எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல். ஒலிவழி வந்த இடுபெயர் தனித்து நிற்க இயலாமையால் அதன் பணியைப் பட்டங்கள் மேற்கொண்டன எனலாம்.

பொருள்வழி: அருளப்பர் முதல் அருளம்மாள் வரை

ழன் ஆல்பெர் பிறப்பதற்கு முன்னரே அப்பெயரின் பொருள் தமிழில் நிலைகொண்டுவிட்டது. அவ்வரலாற்றைக் காணக் கிறித்தவப் பெயராக்கத்தின் இரு அடுக்குகளை அறிதல் வேண்டும். முதல் அடுக்கு 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் தோன்றியது. சூசை, சந்தியாகு, மிக்கேல், சவேரி போன்ற பெயர்கள் போர்த்துக்கேய ஒலியைத் தமிழ்ப்படுத்தியவை. இரண்டாம் அடுக்கு 17ஆம் நூற்றாண்டில் மதுரை மறைப்பணித் தளத்தில் வலுப்பெற்றது. உள்நாட்டுப் பண்பாட்டைத் தழுவிய அத்தளத்தின் துறவியர் பெயர்ப்பொருளைத் தமிழாக்கும் முறையை மேற்கொண்டனர்.

சிறுமையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று தோன்றிய பவுல் என்னும் பெயர் சின்னப்பர் என்றாயிற்று. கிரேக்கத்தில் முடியைக் குறிக்கும் ஸ்தேவான் முடியப்பர் ஆனார். ஆண்மை, வலிமையைக் குறிக்கும் அந்திரேயா பெலவேந்திரர் ஆனார். உறுதிப்பாட்டைக் குறிக்கும் கொன்ஸ்தான்சோ என்னும் பெயருடைய பெஸ்கி, வீரமாமுனிவர் என அறியப்படுமுன் தைரியநாதர் எனப்பட்டார். யோவான் என்னும் பெயர் அருளப்பர் என்றாயிற்று. அப்பெயரின் போர்த்துக்கேய வடிவத்தைத் தாங்கி 1647இல் லிஸ்பனில் பிறந்த பிரித்தோ அடிகளார், தமிழில் அருளானந்தர் எனப் பெயர் பூண்டார். அவர் 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்டார். எனவே யோவான் – அருள் என்னும் இணைப்பு 17ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் நன்கு வேரூன்றிவிட்டது என்பது உறுதி.

அருளப்பர் என்பதற்குப் பெண்பால் அருளம்மாள், அருளாயி. இவ்வடிவங்கள் ழன் என்பதன் நேர் மொழிபெயர்ப்பாகின்றன. ஒலிவழியில் இழந்த இரண்டும் இங்குக் காக்கப்படுகின்றன. ஈற்றால் பெண்பால் விளங்குகிறது. முதற்சொல்லால் எபிரேய மூலத்தின் பொருள் விளங்குகிறது.

உடன்பிறந்த பெயராகிய அன்னாவின் வரலாறு இதற்கு மாறானது. அது 'அன்னம்மாள்' என ஒலியளவில் தமிழ்ப்பட்டது. தமிழர் செவியில் அன்னை, அன்னம் என்னும் சொற்கள் அதனோடு இயைந்தன. அருள் என்னும் மூலப்பொருள் மறைந்தது. புனித அன்னாவைக் குறிக்கும் 'சாந்தா அனா' என்னும் போர்த்துக்கேயத் தொடர் 'சந்தன மாதா' என மாறி, சந்தனம், சந்தனமேரி என்னும் பெயர்களையும் ஈன்றது. ஒரே வினையடியில் பிறந்த இரு பெயர்களுள் ஒன்று பொருளால் அருளம்மாளாகவும், மற்றொன்று ஒலியால் அன்னம்மாளாகவும் சந்தனமாகவும் ஆயின. இவற்றை ஒருசேர வைத்து நோக்கினால் தமிழ் எவ்வழியில் எதனைக் காத்தது என்பது புலனாகும்.

'அருள்' என்னும் சொல்லைத் தேர்ந்ததன் விளைவு ஆழமானது. திருக்குறள் அன்புடைமையை இல்லறவியலிலும் அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தது. சைவ சித்தாந்தத்தில் அருள் இறைவனின் சத்தியாகப் பேசப்படுகிறது. இத்தகைய நெடிய மரபுடைய சொல்லைக் கொண்டமையால் எபிரேயப் பெயர் தமிழில் அயன்மை தோன்றாது கலந்தது. சைவக் குடும்பத்திலும் அருளம்மாள் உண்டு. கிறித்தவக் குடும்பத்திலும் உண்டு. அதனாலேயே பெயர் ஒன்றை மட்டும் கொண்டு சமயத்தை முடிவு செய்தல் பொருந்தாது.

இரு கோயில்கள், இரு பெயர் மரபுகள்

17ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து புதுச்சேரியில் ஐரோப்பியக் கத்தோலிக்கர் கப்புச்சின் துறவியரின் பொறுப்பிலும், தமிழ்க் கத்தோலிக்கர் இயேசு சபையாரின் பொறுப்பிலும் இருந்தனர். முன்னவர் கோயில் மக்கள் வழக்கில் கப்ஸ் கோயில். பின்னவர் கோயில் சம்பா கோயில். கப்புச்சின் என்பதன் சிதைவு முன்னது. புனித பவுலைக் குறிக்கும் போர்த்துக்கேயத் தொடரின் திரிபு பின்னது என்பர். கப்புச்சின் கோயில் ஏட்டில் ழன் எனப்படும் பெயருக்கு ஈடானது, மறு கோயிலின் மக்கள் வாயில் அருளம்மாள் என வழங்கத்தக்கது. ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே பெயர் இரு மொழிகளில் இருந்தும் ஒன்றையொன்று அறியாதிருந்தது.

இவ்வாறு இரு பெயர்கள் ஒருவரிடத்தில் இணைந்தமைக்கு ஆண்களிடையே தெளிவான சான்றுண்டு. ஆனந்தரங்கருக்கு முன் தலைமைத் துபாசியாக இருந்தவர் கத்தோலிக்கரான கனகராய முதலி. பிரெஞ்சு ஆவணங்களில் அவர் பேத்ரோ. தமிழ் வழக்கில் கனகராயர். மறைந்த மகன் வேலவேந்திர முதலியின் நினைவாக அவர் ஒழுகரையில் எழுப்பிய கோயில் 1745இல் புனித அந்திரேயாவின் பெயரால் அமைந்தது. அந்திரேயாவின் தமிழ்ப்பெயர் பெலவேந்திரர் என்பதை அறிந்தாலன்றி மகன் பெயருக்கும் கோயில் பெயருக்கும் உள்ள தொடர்பு புலப்படாது. துய்ப்ளெக்சும் ழனும் புதுச்சேரியில் வாழ்ந்த ஆண்டுகளிலேயே பொருள்வழிப் பெயர்மரபு அந்நகரில் உயிர்ப்புடன் இருந்தமைக்கு இஃது அகச்சான்றாகிறது.

பேத்ரோவும் கனகராயரும் ஒருவரே என நாம் அறிவதற்கு அவர் வகித்த பதவியே காரணம். இருமொழி ஆவணங்களும் அவரைப் பற்றிப் பேசின. அத்தகைய பதவி பெண்களுக்கு இல்லை. தமிழ்ப் பெண் ஒருத்தி திருமுழுக்கு ஏட்டில் ஒரு பெயராலும் தெருவில் மற்றொரு பெயராலும் அழைக்கப்பட்டிருப்பின், இரண்டையும் இணைக்கும் ஆவணம் அரிது. ஒரு பெண் ஏட்டில் இருவராகத் தோன்றுவதும், இரு பெண்கள் ஒருத்தியாக எண்ணப்படுவதும் இதனால் நேரக்கூடும்.

பிற்கால வழக்குகள்

1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, பிரெஞ்சிந்திய மக்கள் தம் தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்க வழிசெய்தது. துறந்தோர் நிலையான குடும்பப்பெயரையும் பூண்டனர். இதில் முன்னின்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லப்போர்த்து' என்னும் பெயரைக் கொண்டார். அப்பிரெஞ்சுச் சொல்லுக்குக் 'கதவு' என்பது பொருள். இவ்வாணைக்குப்பின் பிரெஞ்சுப் பெயர் ஒருவர்க்குச் சமய அடையாளமாக மட்டுமன்றிச் சட்ட நிலையின் குறியாகவும் அமைந்தது.

சமயத்துறையில் பிரான்சிலிருந்து வந்த பிற்காலப் பெயர்கள் வேறு வழிகளை நாடின. 1858இல் காட்சி நிகழ்ந்ததாகப் போற்றப்படும் லூர்து நகரின் பெயர் லூர்துமேரி, லூர்தம்மாள் எனப் பெண்பெயராயிற்று. 1925இல் புனிதராக அறிவிக்கப்பெற்ற லிசியே நகரத் தெரேசாவின் பெயருக்கு மூலப்பொருள் ஐயத்துக்கிடமானது. பொருள் தெளிவில்லாத பெயரை மொழிபெயர்த்தல் இயலாது. ஆகவே தமிழ் அவருடைய சிறப்புப்பெயரை எடுத்துச் 'சிறுமலர்' என்றது. பெயர் இடந்தராதபோதும் பொருளை நாடும் பழைய மனப்பாங்கு மறையவில்லை என்பதற்கு இது சான்று.

1920இல் புனிதராக அறிவிக்கப்பெற்ற ஆர்க்கின் ழனுக்கு அவ்வாய்ப்பு அமையவில்லை. பொருள் தெளிவாக இருந்தும், அருளம்மாள் என்னும் சொல் தமிழில் இருந்தும், அவர் ஆங்கிலவழி 'ஜோன்' எனவும் பிரெஞ்சுவழி 'ழான் தார்க்' எனவுமே வழங்கலானார். புதுச்சேரியில் கப்ஸ் கோயிலின் எதிரே நிற்கும் சிலையைக் காண்போருள், அவர் பெயரும் தம் வீட்டுப் பாட்டியின் அருளம்மாள் என்னும் பெயரும் ஒன்றே என அறிபவர் சிலரே. 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு அருளப்பர், சின்னப்பர், இராயப்பர் என்பவற்றை விடுத்து யோவான், பவுல், பேதுரு என்பவற்றைக் கொண்டது. கிறித்தவப் பிரிவுகளுக்கிடையே ஒருமையை நாடிய அம்முயற்சி போற்றத்தக்கது. எனினும் அதன் பின்னர் வளரும் தலைமுறைக்கு அருளப்பன் என்பதும் யோவான் என்பதும் ஒன்றெனத் தெரிவிக்கும் அன்றாட நூற்சான்று குறைந்துவிட்டது.

ஆவண ஆய்வுக்குச் சில நெறிகள்

புதுச்சேரியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் சுருக்கத்தை அல்ஃபிரெ மார்த்தினோ 1917இல் பதிப்பிக்கத் தொடங்கினார். பிரான்சின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக்காப்பகம் இந்தியக் குடியேற்றங்களின் பதிவேடுகளை இணையத்தில் காண வழிசெய்துள்ளது. இவற்றைப் பயன்படுத்தும் ஆய்வாளர்க்கு மேற்கண்ட ஆய்விலிருந்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன.

முதலாவது, ஒரே பெயரின் வடிவங்களை ஒருங்கே தேடுதல். ழன், ஜோவானா, யோஹன்னா, யோவன்னாள், அருளம்மாள், அருளாயி ஆகியவற்றை ஒரு தொகுதியாகக் கொள்ள வேண்டும். இரண்டாவது, ஒத்த பெயரை ஒத்த ஆளாகக் கொள்ளாமை. அருளம்மாள் என்பது தமிழில் தனித்தும் தோன்றத்தக்க பெயராதலின் பெற்றோர், ஞானப்பெற்றோர், நாள் ஆகிய துணைச்சான்றுகள் தேவை. திருமுழுக்கு யோவானின் பிறப்பு விழாவான ஜூன் 24, நற்செய்தியாளர் யோவானின் விழாவான டிசம்பர் 27 ஆகியவற்றையொட்டிய திருமுழுக்குகள் இவ்வகையில் கவனத்துக்குரியன. மூன்றாவது, பெயரன் பெயர்த்தி முறை. பாட்டி பெயரைப் பெயர்த்திக்கு இடும் தமிழ் வழக்கினால் ஒரு குடும்பத்தில் ஓர் தலைமுறையில் தமிழ் வடிவமும் மறு தலைமுறையில் பிரெஞ்சு வடிவமும் வரலாம். அவ்வாறு வருமிடத்து அவை வேறு பெயர்கள் எனக் கொள்ளாது பெயர்த்தொடர்ச்சி உள்ளதா என ஆராய்தல் தகும்.

முடிவுரை

ழன் என்னும் பெயர் தமிழகத்துக்கு இருமுறை வந்தது. முதலில் பொருளாக வந்து அருளப்பர் வழியே அருளம்மாள் ஆயிற்று. பின்னர் ஒலியாக வந்து பால் மயங்கி, பேகம், மதாம் என்னும் பட்டங்களைச் சார்ந்து நின்றது. பிரெஞ்சின் பெண்பால் ஒலி தமிழின் ஆண்பால் ஈறாகத் தோன்றியமை இம்மயக்கத்தின் மொழியியற் காரணம். வரலாற்று நூல்கள் ஒலிவழி வந்த பெயருக்குரிய ஆளுநர் மனைவியை நினைவில் வைத்துள்ளன. பொருள்வழி வந்த பெயரைத் தாங்கிய எண்ணற்ற பெண்கள் ஏடுகளில் அடையாளம் காணப்படாது உள்ளனர்.

பறங்கிமலை என்னும் பெயரில் பிராங்கு இனத்தார் பெயர் ஒலியாக மட்டும் எஞ்சியுள்ளது. அம்மலையைச் சூழ்ந்த கோவிலம்பாக்கம் முதலான ஊர்களின் பள்ளி வருகைப் பதிவேடுகளில் ஜேன், ஜீன், ஜானெட், அருள்மேரி, அன்னம்மாள் என்னும் பெயர்கள் அடுத்தடுத்து வரின், அவற்றை ஒரே வினையடியின் பிள்ளைகளாகக் காண இயலும். அவ்வாறு காணும் பயிற்சி பிரெஞ்சு ஏடுகளில் ஒருத்தியாகவும் தமிழ் ஏடுகளில் வேறொருத்தியாகவும் பிரிந்து கிடக்கும் பெண்களை ஒன்றுசேர்க்க உதவும். பதிவேடுகளை மின்னட்டவணைப்படுத்தும் பணி நடைபெறும் இக்காலத்தில், தமிழ் வடிவங்களையும் பிரெஞ்சு வடிவங்களையும் ஒன்றற்கொன்று சுட்டும் பெயரடைவு ஒன்றை உருவாக்குதல் தமிழாய்வாளர் மேற்கொள்ளத்தக்க உடனடிப் பணியாகும்.